கூலிக்கு வந்தவர்களின் பரம்பரை

அன்புள்ள ஐயா,

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் மூன்றாவது தலைமுறை நாங்கள். மகளின் சாதிச் சான்றிதழுக்காக, 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தேடிப் பார்த்தால் தாத்தா பேருக்கு மேல் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ‘தாத்தா தொண்ணூத்தொம்பது வெள்ளத்தைப் பாத்தவரு, தண்டவாளம் அடிச்சிட்டுப் போனதை லயத்துல நின்னு பாத்தவரு’ என்று அப்பா சொல்வார். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். பங்குனி உத்திரத்துக்கு சங்கரன்கோவில் பக்கம் ஒரு சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போவார். அவர் காலத்தோடு அதுவும் நின்றுவிட்டது. பாட்டியின் தங்கை ஒருவர் போடியில் இருக்கிறார். மேற்கொண்டு விசாரிக்கலாம் என்றால் அண்ணன், ‘சர்டிபிகேட் கிடைச்சாப் போதும், கூலிக்கு வந்த கூட்டத்துக்குப் பரம்பரை எதுக்குடா’ என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பரம்பரை என்றாலே ஜமீன், செப்பேடு, வம்சாவளி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அவை இல்லாத வீட்டுக்கு முன்னோரே இல்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

அப்பா சொன்னதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தொண்ணூத்தொம்பது என்பது கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். அதாவது 1924 ஜூலை. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளை ரயில் பாதை அந்த வெள்ளத்தில் போனதுதான், பிறகு போடவே இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. மனிதர்களோ போடியிலிருந்து குரங்கணி வழியாக நடந்தே ஏறினார்கள். உங்கள் தாத்தா அந்த வெள்ளத்தை லயத்தில் நின்று பார்த்தார் என்றால், அவரோ, அவருடைய அப்பா அம்மாவோ, ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியின் பின்னால் அந்த மலையேறி வந்திருக்க வேண்டும். கேட்கிற 1950க்கு இருபத்தாறு வருஷம் முந்தைய செய்தி இது. வாய்ப்பேச்சைக் காகிதமாக ஏற்க மாட்டார்கள்தான், தெரியும். ஆனால் எந்த எஸ்டேட்டில், எந்த டிவிஷனில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு, பார்த்திருப்பீர்கள். 1894-ல் காலராவில் இறந்துபோன எலினார் இசபெல், ஒரு வெள்ளைக்காரத் துரையின் இளம் மனைவி, அவர்தான் அங்கே முதலில் புதைக்கப்பட்டவர். தேவாலயமே பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. நூற்றாண்டு தாண்டியும் அவர் பேரைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் செத்த நம் ஆட்களைப் புதைத்த இடத்தின் மேல் இன்று தேயிலை நிற்கிறது. கல் நட்டவர் பேர் நின்றது. நடாதவர் பேரை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நாம் நிறுத்திவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதனால்தான் அண்ணனின் பேச்சு எனக்கு வலிக்கிறது.

சாஸ்தா கோயிலை விடாதீர்கள். பூர்வீக ஊர் மறந்துபோன குடும்பங்களுக்கு அதுதான் வழி. நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்தன்று எந்தச் சாஸ்தா வாசலில் நிற்கிறீர்களோ, அங்கே வருகிறவர்களில் உங்கள் பங்காளிகளும் இருப்பார்கள். வரி பிரிக்கும் கோயிலாக இருந்தால் தலைக்கட்டு நோட்டு, அதாவது வரி கட்டும் குடும்பத் தலைவர்களின் பட்டியல், ஒன்று இருக்கும். மூலை மடங்கி, எண்ணெய்க்கறை படிந்து, அப்பா பேரை அடித்துவிட்டு மகன் பேர் எழுதி, ‘மலையில் இருக்கார்’ என்று ஓரத்தில் குறித்து, ஒரு வம்சமே அதில் கிடக்கும். பழைய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆனால் அந்த நோட்டில் ஒரு பெரிய குறை. தலைக்கட்டு என்றால் ஆண் மட்டும்தான். உங்கள் பாட்டி பேர் அதில் இருக்காது, அவர் அம்மா பேரும் இருக்காது. அவர்கள் பேர் இருக்கக்கூடிய இடம் எஸ்டேட் செக்ரோல், அதாவது கூலிப் பதிவேடு. கொழுந்து கிள்ளியது பெண்கள் அல்லவா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நின்று, தன் பேரிலேயே கூலி பதிவான பெண்கள். ஊரில் இருந்திருந்தால் இன்னார் பெண்டாட்டி, இன்னார் ஆத்தா என்றே போயிருக்கும். கூலிக்கு வந்த கூட்டம் என்று அண்ணன் எதை இளப்பமாகச் சொல்கிறாரோ, அந்தக் கூலிக் கணக்கில்தான் உங்கள் வீட்டுப் பெண்கள் தனிப் பேரோடு இருக்கிறார்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. பழைய பி.எஃப். தாள், பள்ளி அட்மிஷன் ரெஜிஸ்டர் இவற்றையும் பாருங்கள். வேலை ஓய்ந்து லயத்து வீட்டைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டியோடு எறிந்துவிடுவது இவற்றைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் போடிக்குப் போய் அந்தச் சின்னப் பாட்டியைப் பாருங்கள். போனில் வேண்டாம், மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அவர் அம்மா பேர் என்ன, பிறந்த ஊர் எது, யாரோடு மலையேறினார்கள், பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்குப் பேர் வைத்திருந்தார்களா, எல்லாம் கேளுங்கள். மகள் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் வருகிற பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் வரி கட்டும்போது, உங்கள் பேருக்குப் பக்கத்தில் பாட்டி பேரையும் எழுதச் சொல்லுங்கள். வழக்கம் இல்லை என்பார்கள். எழுதும்வரை நகராதீர்கள்.

அன்புடன்.