மச்சான் போடும் ஆஸ்பிரினை நானும் போடலாமா?

கேள்வி: வயது 54. உசிலம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு, நெஞ்சுக் கோளாறு எதுவும் இல்லை. போன வருடம் ஸ்டென்ட் வைத்த என் மச்சான் தினமும் ஆஸ்பிரின் 75 போடுகிறார். முன்னெச்சரிக்கையாக நானும் போடலாமா? முழங்கால் வலிக்கு அடிக்கடி மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவேன்.

மருத்துவர் பதில்: நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். மச்சான் நிறுத்தக் கூடாது. மாத்திரை ஒன்றுதான், கணக்கு வேறு.

ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடிக்கும்போது அந்த இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணணுக்களான தட்டணுக்கள் கூடி ஒட்டிக் கட்டியாகின்றன. மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒன்றையொன்று கூப்பிடத் தட்டணுக்கள் சுரக்கும் பொருள் திராம்பாக்சேன். அதைத் தயாரிக்கும் நொதியை (என்சைம்) ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய முடியாது. அதனால் அது வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியே கிடக்கும். 75 மி.கி. போதுமாவது இதனால்தான். கொழுப்பையோ சர்க்கரையையோ ஆஸ்பிரின் குறைக்காது.

இதே மாத்திரை இரைப்பையின் உள்பூச்சைக் காக்கும் சுரப்பையும் குறைக்கிறது. அதனால் புண், ரத்தக்கசிவு வரலாம். இதய நோய் இல்லாத 15,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த அசெண்ட் ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. அடைப்பு வந்துவிட்டவருக்கு லாபம் அதிகம் என்பதால் அந்த ஆபத்தை ஏற்கலாம். உங்களுக்கு அப்படி இல்லை, அதிலும் வலி மாத்திரை போடுபவர். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் கசியும் அபாயம் மேலும் ஏறும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தேவை. பிரஷர் 130/80-க்குள் இருக்கட்டும். பீடி, சிகரெட் இருந்தால் அதை விடுவது எந்த மாத்திரையையும் விடப் பெரிய லாபம்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்: பல் பிடுங்கவோ, "வயிறு எரிகிறது" என்றோ, இதய மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினையும், தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரல் போட்டால் அதையும் நிறுத்தக் கூடாது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். தினசரி போடும்போது மேல்பூச்சு உள்ள மாத்திரையை உடைக்காமல் விழுங்க வேண்டும். வலி மாத்திரையான ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினுக்கு முன்னால் போய் நொதியில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரின் வேலை கெடும், அதை அவர் தொடவே வேண்டாம். டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்து, ஆஸ்பிரின் போடுவதைச் சொல்லட்டும்.

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி: முதலில் 108. ஆஸ்பிரின் அலர்ஜியோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால், 108-ல் பேசுபவரைக் கேட்டுக்கொண்டு சுமார் 300 மி.கி. ஆஸ்பிரினை, அதாவது 75 என்றால் நான்கை, மென்று விழுங்கலாம். மென்றால்தான் சீக்கிரம் வேலை செய்யும். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் (ஒரு ஸ்டாடின்) முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மதுரை வரை பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்ததா, அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.