பக்கத்து மனையில் தோண்டப்போகும் பள்ளம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கட்டட அனுமதி கேட்டு வரும் மனுக்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். 100 வருடத்துக்கும் மேலான ஒரு பொதுக் கட்டடத்தை ஒட்டிய காலி மனையில் 9 மாடி ஃப்ளாட் கட்ட மனு வந்திருக்கிறது. கீழே 2 தளம் கார் நிறுத்துவதற்கு. குழுவில் பாதிப் பேர், பழைய கட்டடத்தின் அழகே போய்விடும், கூடவே கூடாது என்கிறார்கள். மீதிப் பேர், வீடு கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்கிறார்கள். பில்டர் 2 மாடியைக் குறைத்துக்கொள்வதாகவும், பழைய கட்டடத்தில் இருப்பதைப் போலவே வளைவு ஜன்னல் வைப்பதாகவும் இறங்கி வந்திருக்கிறார். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. மறுத்தால் வீடு தேடுகிறவர்களுக்கு நான் எதிரியாகிவிடுவேனா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது ‘கீழே 2 தளம்’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான். மேலே போகும் 9 மாடியைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் நின்று பேசியிருக்கிறீர்கள். கீழே போகும் 2 தளத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ட்ரினிட்டி சர்ச் 1877இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்ப்பரப்பை மண் கொட்டி நிரப்பிய இடம் என்பதால், சுமார் 4,500 மரக்கம்பங்களைத் தரைக்குள் இறக்கி அவற்றின் மேல்தான் கல்லை ஏற்றினார்கள். 1960களின் கடைசியில் பக்கத்து மனையில் ஜான் ஹான்காக் கோபுரத்துக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். 60 மாடி அலுவலகக் கட்டடம் அது. பள்ளத்தின் ஓரத்தைத் தாங்க இறக்கிய தற்காலிக இரும்புத் தடுப்பு உள்பக்கமாக வளைந்தது. மண் பள்ளத்தை நோக்கி நகர, சர்ச்சும் அதோடு நகர்ந்து சுவர்கள் விரிசல் விட்டன. வழக்கு அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் சர்ச்சுக்குச் சாதகமாக முடிந்தது. இன்று அந்த இடத்தைப் படம் எடுக்கிறவர்கள் கோபுரத்தின் கண்ணாடியில் சர்ச் பிரதிபலிப்பதைத்தான் ஆசையாக எடுக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போய்விட்டன. ஆனால் பள்ளம் தோண்டும்போதே சேதம் நடந்துவிட்டது.

ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 1971இல் கட்டியதுதான், பழசே இல்லை. பக்கத்தில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் மண் சரிந்து, 2009 மார்ச் 3 அன்று காப்பகமே இடிந்து விழுந்தது. அக்கம்பக்கத்து வீட்டில் இருந்த 2 பேர் இறந்தார்கள்.

உங்கள் கட்டடம் அதைவிட எவ்வளவோ பலவீனமானதாக இருக்கலாம். இந்த வயதுக் கட்டடங்கள் பலவற்றில் கடைக்கால் ஆழம் குறைவு. தூணும் பீமும் கிடையாது, சுவர்தான் பாரம் தாங்கும். சுண்ணாம்புக் காரை, கட்டடம் முழுவதும் ஒரே சீராக மெல்ல இறங்கினால் வளைந்து கொடுக்கும். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்தால் அதனால் தாங்க முடியாது. நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடத்தில் பேஸ்மென்ட் தோண்டினால் மாதக்கணக்கில் பம்ப் போட்டுத் தண்ணீரை இறைப்பார்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் நீர்மட்டம் அதிகமாக இறங்கும். களிமண்ணாக இருந்தால் அந்தப் பக்கத்து மண் இறுகிச் சுருங்கும், அந்த மூலை மட்டும் இறங்கும்.

ஆகவே, 2 மாடியைக் குறைக்கச் சம்மதித்த பில்டரிடம், அதற்குப் பதிலாக அந்த 2 கீழ்த்தளங்களையும் கைவிடச் சொல்லிப் பாருங்கள். கார்கள் தரைத்தளத்திலேயே நிற்கட்டும். மண் பரிசோதனை அறிக்கை தடை சொல்லாத பட்சத்தில், கீழ்த்தளம் இல்லாத 9 மாடியை 2 கீழ்த்தளம் உள்ள 7 மாடியைவிட நான் விரும்புவேன். அஸ்திவாரத்துக்காகத் தரைக்குள் ஆழமாக இறக்கும் பைல் தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கக் கூடாது, துளை போட்டுத்தான் இறக்க வேண்டும். அதிர்வுக்கும் கணக்கு இருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளின் அஸ்திவாரத்தில் அதிர்வின் வேகத்தை நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும் ஜெர்மனியின் டிஐஎன் 4150 தர அளவு, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களுக்கு 3 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பில்டரின் ஆளிடம் இருக்கக் கூடாது. பில்டர் பணம் கட்டட்டும், அதிர்வை அளக்கும் பொறியாளர் உங்கள் குழுவுக்குப் பதில் சொல்லட்டும்.

மண்வெட்டி தரையைத் தொடும் முன்பே பழைய கட்டடத்தின் ஒவ்வொரு விரிசலையும் படம் எடுத்துவையுங்கள். விரிசலின் இரு கரைகளையும் சேர்த்து ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, மேலே தேதி எழுதுவது பழைய முறை. சுவர் லேசாக அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இப்போது அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் மானிகள் வந்துவிட்டன, அவை எவ்வளவு அசைந்தது என்றும் காட்டும். இந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னால் விரிசலைக் காட்டும்போது ‘இது ஏற்கெனவே இருந்ததுதானே’ என்பார்கள்.

இன்னொன்று, மழைத் தண்ணீர். புது மனையை மண் போட்டு உயர்த்தினால் அங்கு விழும் மழை பழைய சுவரின் காலடிக்குத்தான் வரும். ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் பல பழைய சுவர்களில் கிடையாது. ஈரம் மேலே ஏறும், உப்பு பூக்கும், அடிச்சுவரின் பூச்சு தொட்டால் பொடியாக உதிரும். அப்புறம் யாராவது அதன் மேல் சிமெண்ட் பூசுவார்கள், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருந்தே செங்கல்லை அரிக்கும். வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடத்தில் கேளுங்கள்.

சரி, அழகு? அதைத் தள்ளிவிடுகிறவன் இல்லை நான். ஒரு பழைய சின்னத்தின் சுற்றுப்புறமும் அதன் மதிப்பில் சேர்ந்ததுதான் என்று 2005இல் சீனாவின் சியான் நகரில் கூடிய இக்கோமோஸ் என்ற சர்வதேசப் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு அமைப்பு சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். 157 மீட்டர் உயரமுள்ள கொலோன் பேராலயத்துக்கு ரைன் நதியின் எதிர்க்கரையில் உயரக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டபோது, 2004இல் யுனெஸ்கோ அதை ஆபத்தில் இருக்கும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. நகரம் உயரத்தைக் கட்டுப்படுத்திய பிறகே 2006இல் எடுத்தது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், அந்த நாட்டின் தேசிய வீரர் ரிசாலின் நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் 40 மாடிக்கும் மேலான குடியிருப்பு எழும்பியது. பின்னணியில் கட்டக் கூடாது என்று சட்டம் இல்லை என்று 2017இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. இந்தியாவில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு, 2010 திருத்தத்துக்குப் பிறகு 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத கட்டடங்களுக்கு இந்தக் காவல் இல்லை.

உங்கள் கட்டடம் எந்த வகை என்று போய்ப் பாருங்கள். மக்கள் எங்கே நின்று அதைப் பார்க்கிறார்கள்? வானத்தைப் பின்னணியாக வைத்துக் கட்டிய கோபுரமோ குவிமாடமோ என்றால், அந்த வானத்தை மறைக்கும் மாடிகளுக்குத் தயங்காமல் மறுப்பு எழுதுங்கள். அக்கம்பக்கத்தோடு தோள் உரசி நின்ற கட்டடம் என்றால் புதிதாக ஒன்று வருவது அதற்கு அவமானம் இல்லை. வளைவு ஜன்னலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கான்கிரீட்டில் வார்த்த போலி வளைவு பக்கத்தில் நின்றால், பாரம் தாங்கும் அசல் வளைவும் வெறும் அலங்காரமாகத் தெரிய ஆரம்பிக்கும். எளிமையாக, இன்றைய கட்டடமாகவே இருக்கட்டும்.

வீடு தேடுகிறவர்களுக்கு நீங்கள் எதிரி இல்லை. அந்த ஃப்ளாட்டில் குடிவரப்போகிறவர்களுக்கும் நல்ல அஸ்திவாரமும் ஒழுங்கான வடிகாலும் வேண்டும்தானே? அங்கே ஆள் குடியிருப்பது பழைய கட்டடத்துக்கும் நல்லதுதான் என்பது என் எண்ணம். இரவில் ஆள் அரவமே இல்லாத இடத்தில் கதவும் ஓடும் திருட்டுப்போனால் கேட்க ஆளில்லை.

மண் பரிசோதனை அறிக்கையும் பள்ளத்தைத் தாங்கும் முறையின் வரைபடமும் வரும்வரை கூட்டத்தை ஒத்திவையுங்கள். தர மறுத்தால் அனுமதி வேண்டாம் என்றே எழுதுங்கள். வந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். நிபந்தனைகள் ஒவ்வொன்றும் அனுமதிக் கடிதத்திலேயே ஏற வேண்டும். கூட்டத்தில் பில்டர் தலையாட்டினார் என்பதை வைத்து நாளைக்கு வேலையை நிறுத்த முடியாது.