20 லிட்டர் பக்கெட் இரண்டு எதற்கு?

ஹால் 20-க்கு 15 அடி, உயரம் 10. பெயிண்டர் 20 லிட்டர் பக்கெட் இரண்டு வாங்கச் சொல்கிறார். சரியா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

சரியில்லை. நான்கு சுவரும் சேர்த்து 700 சதுர அடி, சீலிங் 300. கதவு, ஜன்னலைக் கழிக்காமலே 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டி பார்த்து பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்த சுவருக்கு, நல்ல எமல்ஷன் பெயிண்ட் என்றால் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 100 சதுர அடியாவது வரும். 10 லிட்டர், கூடிப்போனால் 12. மிச்சம் 28 லிட்டர் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள். பக்கெட்டுக்குள் பெயிண்டருக்கென்று, காசாக மாற்றிக்கொள்கிற டோக்கனை கம்பெனியே போடுகிற பழக்கம் இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது. பக்கெட் கூடினால் டோக்கனும் கூடும். நாள் முழுக்க சாரத்தில் நிற்கிற மனிதருக்கு நாலு காசு கூடக் கிடைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் எந்த பிராண்டு, எத்தனை லிட்டர் என்பதை அந்த டோக்கன் தீர்மானிக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பணமும் நாம் கொடுக்கிற விலைக்குள்தான் இருக்கிறது. கூலியை நியாயமாகப் பேசுங்கள், பெயிண்டை நீங்களே போய் வாங்குங்கள்.

நவம்பரில் அடித்த பெயிண்ட் பொங்கலுக்குள் உரிகிறது. பிரைமர் அடிக்கவில்லை. கம்பெனி மீது புகார் செய்யலாமா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அடைமழையில், கடற்கரை ஊரில், ஈரச் சுவரில், பிரைமர் இல்லாமல் அடித்துவிட்டு எந்த முகத்தோடு புகார் செய்வீர்கள்? முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நானும் ஓதம் தடுக்கும் என்று விலை கூடின பெயிண்ட் வாங்கி ஹாலில் அடித்து, ஒரே மழைக்காலத்தில் சுவரெல்லாம் உப்பு பூத்துப்போய் மொத்தப் பணமும் வீணானது. பின்பக்கம் பாத்ரூம் பைப் கசிந்துகொண்டிருந்தது. கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டியே பார்க்க வேண்டும். மார்ச், ஏப்ரல் வரை பொறுங்கள்.

எமல்ஷனுக்கு முழுப் பணமும் வாங்கிய கான்ட்ராக்டர் விலை குறைந்த டிஸ்டம்பர் அடித்துவிட்டு போனை எடுப்பதில்லை. ஓய்வூதியப் பணம். (திருப்பாதிரிப்புலியூர்)

மனம் கனத்துப்போனது அம்மா. தப்பு உங்களுடையது இல்லை. காலி டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள், சுவரையும் டப்பாவையும் போட்டோ எடுங்கள், பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யுங்கள். பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

மெஷினில் கலர் கலந்து வாங்கிய டப்பா பிடிக்கவில்லை, திருப்பி எடுப்பார்களா? (லாஸ்பேட்டை)

எடுக்க மாட்டார்கள். அடுத்த தடவை ஒரு லிட்டர் மட்டும் வாங்கிச் சுவரில் அடித்து, காலை வெளிச்சத்திலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

பில் வேண்டுமென்றால் எம்ஆர்பி-க்கு மேல் ஜிஎஸ்டி தனியாகத் தர வேண்டும் என்கிறார் கடைக்காரர். (கடலூர் முதுநகர்)

எம்ஆர்பி-யிலேயே வரி அடக்கம். பில் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.