வாங்கி வந்த டிஸ்கஸ் மீன் தீவனத்தைத் தொடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் நான்கு டிஸ்கஸ் குஞ்சுகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம் இருக்கும். வந்து ஐந்து நாளாகியும் சரியாகச் சாப்பிடவில்லை. பெல்லட் போட்டால் ஒன்று மட்டும் வாயில் எடுத்துத் துப்புகிறது, மற்றவை மூலையில் கறுத்துப்போய் நிற்கின்றன. மூன்று கம்பெனித் தீவனம் வாங்கிப் பார்த்துவிட்டேன். நான்காவதாக ஒரு வெளிநாட்டு டப்பாவைச் சொல்கிறார்கள், விலை அதிகம். வாங்கலாமா? இரண்டரை அடித் தொட்டி, ஏசி போட்ட படுக்கையறையில் இருக்கிறது. முன்பு அதில் கப்பி என்ற சிறு மீன்களை வளர்த்தேன். (வாசகர், வேளச்சேரி)

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ஹீட்டரும் தெர்மாமீட்டரும் அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனைக் கிட்டும் வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது தீவனம் இல்லை, அந்த ஏசி அறைதான்.

டிஸ்கஸ் அமேசான் படுகையின் வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன். தொட்டியில் அதற்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் தண்ணீர் 24, 25 டிகிரிக்கு இறங்கிவிடும். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசியும் போய்விடும். அந்த நிலையில் என்ன போட்டாலும் தொடாது. உங்கள் தொட்டி சுமார் 80 லிட்டர் பிடிக்கும். அதற்கு 100 வாட் ஹீட்டர் போதும். ஒரே நாளில் 30க்கு ஏற்றாமல், நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் ஏர் பம்பை நிறுத்த வேண்டாம். தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அடுத்தது அம்மோனியா. கப்பிகள் இருந்த காலத்தில் உங்கள் ஃபில்டரில் வளர்ந்த, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா, கப்பிகளின் கழிவுக்குத்தான் பழகியது. திடீரென்று நான்கு பெரிய மீன்கள் வந்தன. ஐந்து நாளாக மூன்று வகைப் பெல்லட்டும் அடியில் கிடந்து ஊறின. அழுகும் தீவனம் அம்மோனியாவாகும், அம்மோனியா செவுளை எரிக்கும், செவுள் எரியும் மீன் சாப்பிடாது. சாப்பிடவில்லையே என்று நாம் இன்னும் கொஞ்சம் போடுவோம். அதனால் இன்றே அடியில் கிடப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கலந்து, தொட்டியின் சூட்டுக்குச் சமமாக்கி ஊற்றுங்கள். அம்மோனியாவும், அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை தினமும் இதைச் செய்யலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று பிஹெச் (நீரின் அமில-காரத் தன்மை) குறைக்கும் திரவம் வாங்க வேண்டாம். பண்ணையில் பிறந்த குஞ்சுகள் ஓரளவு கடினமான நீரையும் தாங்கும்; பிஹெச் ஏறி இறங்குவதைத்தான் தாங்காது.

இனி தீவனத்துக்கு வருவோம். உங்கள் மீனைப் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது பெல்லட்டைச் சாப்பாடாகவே பார்த்திருக்காது. மொத்த விற்பனைக் கடைகளிலும் பண்ணைகளிலும் குஞ்சுகளுக்குப் புழுதான் போடுவார்கள், அல்லது மாட்டு இதயத்தை அரைத்துச் செய்த கலவை. கடைக்குப் போன் செய்து, "இதுக்கு என்ன போட்டுட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். நான்காவது டப்பாவைவிட அந்தப் பதில் பயன்படும்.

உறைய வைத்த ப்ளட் வார்ம் (சிறு சிவப்புப் புழு) கட்டிகளாகக் கிடைக்கும். ஒரு கட்டியில் பாதியை ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, டீ வடிகட்டியில் அலசி, விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சமாகப் போடுங்கள். போட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள். கண்ணாடியருகே ஆள் நின்றால் புது மீன் வெளியே வராது. டிஸ்கஸ் சாப்பிடும் விதமே தனி. தலையைக் கீழே சாய்த்து, தரையில் ஃபூவென்று நீரை ஊதிக் கிளறி, எழும்புகிற துணுக்கைக் கொத்தும். மேலே மிதக்கும் பெரிய பெல்லட் அதற்கு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம். கால் மணி நேரத்தில் தொடாததை எடுத்துவிடுங்கள்.

புழுவை ஆவலாகத் தின்னத் தொடங்கிய பிறகு, மூழ்கும் வகைச் சிறு பெல்லட்டை, ஒரு மில்லிமீட்டர் அளவில், ப்ளட் வார்ம் கரைந்த நீரில் ஊறவைத்துப் புழுவோடு கலந்து போடுங்கள். துப்பித் துப்பித்தான் பழகும். இரண்டு மூன்று வாரத்தில் பெல்லட்டைக் கூட்டி, புழுவைக் குறைத்துக்கொண்டே வரலாம். உங்களிடம் இருக்கும் மூன்று டப்பாவில் எது சிறிதோ அதுவே போதும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். ப்ளட் வார்ம் தொட்டால் சிலருக்குக் கை அரிக்கும், மூக்கு ஒழுகும். அப்படி இருந்தால் கையுறை போடுங்கள்.

வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் பெரிய ஆபத்தில்லை. குஞ்சுகளுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. கண்ணுக்கு மேலே நெற்றி ஒட்டிப்போவது, வெள்ளை நூலாகக் கழிவு தொங்குவது, மூச்சு வேகமாக வாங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்தைக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அளவைக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம், மீன் நோய் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

இன்னொன்று: டிஸ்கஸ் ஐந்தாறாக வாழும் மீன். நான்கு மட்டும் இருந்தால் வலுத்தது மற்றவற்றைத் தீவனத்திடமே விடாமல் விரட்டும். ஆனால் இந்தத் தொட்டியில் எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது. வளர்ந்தபின் 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பசியைத் தூண்டும் பூண்டுச் சாறு என்று ஒரு சிறு பாட்டில் விற்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: வாசனைக்குச் சில மீன்கள் வரும். ஒரு பல் பூண்டை நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் போட்டு, அதில் தீவனத்தை ஊறவைத்தாலும் அதே வாசனைதான். ஒட்டுண்ணியை அது விரட்டும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாங்கிய மூன்றாம் நாளே மீன் செத்துவிட்டது. கடையிலிருந்தே அது எதையும் தின்னவில்லை. பில்லில் "விற்ற மீன் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: அந்த வரி சட்டத்துக்கு மேலே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. பில் தராமல் விற்பதும் அதே வகைக் குற்றச்சாட்டுக்குள் வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மீன் கடையிலேயே நோயோடு இருந்ததா, உங்கள் தண்ணீரில் செத்ததா என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பை பிரிக்காமல் எடுத்த வீடியோ, முதல் நாள் தண்ணீர்ப் பரிசோதனை எண்கள், கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் தகவல், இவை கையில் இருந்தால் பேசலாம். முதலில் கடையில் பேசுங்கள்; நேர்மையான கடைக்காரர் வேறு மீன் தருவார். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த முறை வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன், "கொஞ்சம் தீவனம் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே பாய்ந்து வந்து சாப்பிடும் மீனை மட்டும் பிடித்துத் தரச் சொல்லுங்கள். நேற்றுதான் லோடு வந்தது என்றால், முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைத்து, சாப்பிட ஆரம்பித்தபின் எடுத்து வாருங்கள். கடையில் போடும் அதே தீவனத்தில் சிறு பாக்கெட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தயாரித்த மாதமும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத, கவரில் கொட்டிக் கட்டிய சில்லறைத் தீவனம் வேண்டாம்.