நல்ல வளர்த்தி!

கேள்வி: நகரமும் ஓர் உயிர்தான், கிடைக்கிற வளத்தைத் தின்றுதான் அதுவும் வளர்கிறது என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். அப்படியானால் யானைக்கு இருப்பதுபோலக் கோவைக்கும் ஓர் அளவு உண்டா? எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் வளர்த்தியே இல்லை?
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை (கேரளம்)

பதில்: முதலில் ஒரு நன்றி. 'வளர்த்தி' என்று எழுதினீர்களே, அதற்கு. எங்களுக்குப் புரூஃப் பார்க்கும் நண்பர் அதை அடித்துவிட்டு 'வளர்ச்சி' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். நான் அதை அடித்துவிட்டுப் பழையபடி ஆக்கினேன். பதினோரு வருஷமாக நடக்கிற சண்டை இது. அவர் தமிழைக் காப்பாற்றுகிறார், நான் அவரிடமிருந்து காப்பாற்றுகிறேன்.

வளர்ச்சி மேடைச் சொல். அதற்கு நிதி உண்டு, துறை உண்டு, அடிக்கல் உண்டு. வளர்த்தி அப்படியல்ல. வாசல் நிலையில் பிள்ளையை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சில் கோடு போட்டுப் பார்க்கிற சொல். "பையன் நல்ல வளர்த்தி" என்றால் எதிரில் ஒரு பையன் நின்றாக வேண்டும். வளர்ச்சிக்கு யாரும் நிற்க வேண்டியதில்லை.

எனக்கு ஆறாம் வகுப்புக்குக் காக்கி டிராயர் தைத்த கதையைச் சொல்கிறேன். "வளர்ற பையனுங்க, கீழ மூணு இஞ்சு உள்ள மடிச்சு அடிங்க" என்றார் அம்மா. இடுப்பிலும் தாராளம் விடச் சொன்னார். அந்தத் தாராளத்தை அரைஞாண் கயிறுதான் தாங்கியது. ஜூன் மாதம் அது டிராயரும் இல்லை, பேண்ட்டும் இல்லை. வருஷத்துக்கு ஓர் இஞ்சு பிரிப்பார். பிரித்த இடம் மட்டும் வெயில் படாத புதுக் காக்கி, மற்றதெல்லாம் வெளுத்த சாம்பல். எட்டாம் வகுப்பில் என் டிராயரில் மூன்று நிறம். தென்னையில் மட்டை விழுந்த தழும்பை எண்ணுவதுபோல என் வயதை அதில் எண்ணியிருக்கலாம். சோகம் என்னவென்றால், கணக்குப் போட்ட அளவுக்கு நான் வளரவில்லை. கடைசி இஞ்சு பிரிக்கப்படாமலே அந்த டிராயர் கரித்துணி ஆனது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போதெல்லாம் அந்த மடிப்பு என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஊர்களுக்கு மாஸ்டர் பிளான் போடுகிறவர்களும் என் அம்மா வழிதான். பொள்ளாச்சியிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் பாருங்கள். தோப்பை வெட்டி, கல் நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, கலர் கொடி கட்டி, 'கோவையிலிருந்து இருபதே நிமிடம்' என்று எழுதியிருக்கும். எந்த வண்டியில் இருபது நிமிடம் என்று போன வருஷம் இதே பக்கத்தில் கேட்டேன். மறு இதழிலிருந்து சைட் விளம்பரம் நின்றுவிட்டது. இனி இழக்க ஒன்றும் இல்லாததால் மறுபடியும் கேட்கிறேன்: எந்த வண்டியில்?

சரி, யானைக்கு வருவோம். கேட்டது நீங்கள்.

1932இல் மேக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி ஒரு கணக்கை வெளியிட்டார். உடல் பெருத்தால் தீனியும் பெருகும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை என்பது அதன் சாரம். எலி 300 கிராம், யானை 3,000 கிலோ என்று வையுங்கள். எடை பத்தாயிரம் மடங்கு. உடம்பு எரிக்கும் சக்தியோ ஏறக்குறைய ஆயிரம் மடங்குதான். பெரிய குடும்பம் ஒரே அடுப்பில் சமைப்பதுபோல ஒரு சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனமே கடிவாளமும் ஆகிறது. உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு செல்லுக்கும் வந்து சேரும் பங்கு குறைகிறது. ஒரு கட்டத்தில், இருக்கிற செல்களைப் பராமரிக்கவே எல்லாம் சரியாகிவிடும். புதிதாகக் கட்ட மிச்சம் இருக்காது. வளர்த்தி நின்றுவிடுகிறது.

நகரத்துக்கு இதே கணக்கை லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலியோர் 2007இல் போட்டுப் பார்த்தார்கள். மக்கள் தொகை இருமடங்கானால் மின்கம்பி, பெட்ரோல் பங்க் எல்லாம் 1.8 மடங்கு ஆனால் போதும். இதுவரை யானை ஜாதி. ஆனால் சம்பளமும் புதுக் கண்டுபிடிப்பும் 2.2 மடங்குக்குப் போய்விடுகின்றன. கூடவே குற்றமும் சில தொற்றுநோய்களும் அப்படியே ஏறுகின்றன. பெருத்தால் நிதானமாகிறது யானை. எலி இதயம் நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் அடிக்கிற இடத்தில் யானைக்கு முப்பது. ஊர் பெருத்தால் படபடப்புத்தான் கூடுகிறது. காந்திபுரம் சிக்னலில் நின்றவருக்கு இதைச் சொல்ல 2007 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், யானையின் தும்பிக்கைக்கு ஒரு நீளம்தான். கோவைக்கு அந்தத் தொல்லை இல்லை. கிட்டே இருக்கிற தண்ணீர் போதாவிட்டால் தும்பிக்கையை இழுத்து நீட்டிக்கொள்ளும். சிறுவாணி அணை உங்கள் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. அதுவும் போதாமல் பில்லூர் அணை. நாங்களும் யோக்கியர்கள் இல்லை. மேற்கே ஓடிய ஆறுகளைப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் கிழக்கே திருப்பித்தான் இங்கே தென்னை வளர்த்தோம். உங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவுத் தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று எண்ணி விடுகிறார்கள். உங்கள் ஊர் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தத் தடுப்பணையில் இருக்கிறது. மீதிப் பாதியை உங்கள் தோப்பில் பார்க்கலாம்.

தோப்பு என்றதும் கள். ஆமாம், என் பழைய பல்லவிதான், புரூஃப் நண்பர் முகத்தைச் சுளிக்கலாம். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இறக்கினால் தொழில், இந்தப் பக்கம் இறக்கினால் 1987 முதல் குற்றம். மரத்துக்கு எந்த மாநிலம் என்று தெரியாது, பாளைக்கும் தெரியாது. சித்தூர் வட்டாரத்துக் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டி ஏறுகிறது. வளர்த்தி இல்லாத ஊர் என்கிறீர்கள். அந்த வண்டிகளை எண்ணிப் பார்த்தீர்களா?

நகரத்துக்கு உவமை யானை இல்லை, கள் கலயம்தான் என்பது என் கட்சி. விடியலில் இறக்கும்போது இனிப்பு. உள்ளே ஈஸ்ட் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, கணக்கில்லாமல் பெருகுகிறது. காலையிலேயே நுரை கலய வாயில் நிற்கும், ஓர் ஈ விழுந்து துடிக்கும். மாலைக்குள் சர்க்கரை குறைந்துவிடும். அவை கழித்த சாராயமும் கூட வந்த கிருமிகள் கழித்த அமிலமும் மண்டிவிடும். தின்ன இல்லாமல் பாதி, தன் கழிவிலேயே பாதி என்று பெருக்கம் அடங்குகிறது. இது திருப்பூர் கதை. சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கியது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பனியனுக்கு அன்றும் கிராக்கி இருந்தது, பஞ்சும் நூலும் வந்துகொண்டுதான் இருந்தன. கலயம்தான் புளித்துவிட்டது.

தென்னையைப் பற்றி இன்னொன்று. அதற்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே குருத்து. கூன்வண்டு குருத்தைத் தின்றுவிட்டால் அறுபதடி மரமும் வெறும் கம்பம். சில ஊர்கள் தென்னை ஜாதி. கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1902லேயே காவிரியிலிருந்து மின்சாரம் போன இடம், நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய இடம். இருந்தது தங்கம் என்ற ஒரே குருத்து. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். இன்றைக்கு விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது ஊர்.

கோவை ஆலமர ஜாதி. 1888இல் பஞ்சு மில். 1932இல், கிளைபர் யானைக் கணக்குப் போட்ட அதே வருஷம், நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வர, மில்கள் பெருகின. மில் மெஷின் பழுதானால் பார்க்கப் பட்டறை. பட்டறைக்கு வார்ப்புச் சாமான் வேண்டும், ஃபவுண்டரி. அதிலிருந்து மோட்டார், பம்ப், கடைசியில் நம் அடுப்படியில் உருளுகிற கிரைண்டர். பின்னாளில் மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது ஊர் சாயவில்லை, விழுதுகள் ஏற்கெனவே தரை தொட்டிருந்தன. தலைகாய்ந்த மில்களும் சைட் ஆயின என்பது வேறு விஷயம். (எந்த வண்டியில்?)

உங்கள் ஊர்? தென்னையில் வேர் வாடல், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஏறி இறங்க ஆள் இல்லை. அதே மரம், அதே ஒரு குருத்து, எங்களுக்கும்தான். ஆகவே என்னிடம் யோசனை கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் வழியாக வருகிறேன், நேரில் பார்த்துப் பேசுவோம். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுவேன். அதற்கு மேல் என்றால் புளித்துவிடும்.