சிங்கப்பூரில் சிறு பாய்மரப் படகில் தனியாகக் கரையோரம் போய்வர முடியுமா? வானிலை இப்படி மாறுகிறதே!

முடியும். பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். என்னுடையது 14 அடிப் படகு. ஒரே பாய், இயந்திரம் கிடையாது. வடகிழக்குக் கரையில் உள்ள சாங்கியிலிருந்து கிளம்பி புலாவ் உபின் தீவுப் பக்கம் சுற்றிவிட்டுத் திரும்புவேன். தெற்கே குசு, லாசரஸ் தீவுகளுக்குத் தனியாகப் போவதில்லை. அது கப்பல்களின் ராஜ்யம். குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பது சர்வதேசக் கடல் விதி. விதி இல்லாவிட்டாலும் நான் ஒதுங்கித்தான் நிற்பேன்.

வானிலைக்கு வருகிறேன். "பிற்பகலில் இடியுடன் மழை" என்ற முன்னறிவிப்பைப் பார்த்துப் பயந்தால், ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் இந்த ஊரில் படகை விற்றுவிட வேண்டியதுதான். பிற்பகல் மழை பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகிறது. வடக்கே மலேசியாவின் ஜொகூர் பக்கம் மேகம் கோபுரமாக எழும்புவது கண்ணுக்குத் தெரியும். நண்பகலுக்குள் கரையேறிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

நான் அஞ்சுவது சுமத்ரா சூறைக்காற்றுக்கு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம். இரவில் சுமத்ரா மீதோ மலாக்கா நீரிணை மீதோ திரண்டு, வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ இங்கே வந்து இறங்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் காற்றில் சுகமாக ஓடும் பாய், 60-இல் பதினாறு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். நாகப்பட்டினத்துக்காரரான என் தாத்தா மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார். கச்சானிடம் பேரம் பேசாதே என்பதும் அவர் சொன்னதுதான். நான் ஒருமுறை பேசிப் பார்த்தேன்.

ஒரு மே மாதம். இரவு பத்து மணிக்கு மழை ரேடார் படத்தைப் பார்த்தேன், துடைத்துவைத்தாற்போல் இருந்தது. காலையில் மறுபடி பார்க்கவில்லை. ஏழு மணிக்கு வற்றுநீரோடு, அதாவது கடல் வற்றும்போது ஓடும் நீரோடு, கிழக்கே போனேன். எட்டரைக்கு உபினுக்கும் அதன் கிழக்கே உள்ள தெக்கோங் தீவுக்கும் நடுவில் இருந்தபோது காற்று சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் மேற்கு வானத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கரும்பட்டை, அதன் அடியில் வெளிறிய ஒரு கீற்று. முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. அந்தக் குளிர் பட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடங்கள்தான் நமக்குச் சொந்தம்.

கரை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அது காற்று வரும் திசையில் இருந்தது. ஓடிவிடலாம் என்ற ஆசையை அடக்கிப் பாயை முழுவதும் இறக்கினேன். நங்கூரத்தைப் போட்டு, ஆழத்தைப்போல் ஆறு மடங்கு கயிறு விட்டேன். கயிற்றைச் சிக்கனம் பிடித்தால் நங்கூரம் பிடிக்காது, சேற்றை உழுதுகொண்டு வரும். அது நழுவினால் நான் போய்ச் சேருமிடம் தெக்கோங். ராணுவப் பயிற்சித் தீவு, அனுமதியின்றி இறங்கக்கூடாது. தேசிய சேவையில் அங்கே கழித்த நாள்களே எனக்குப் போதும்.

ஒரு மணி நேரம். மழை கிடையாகப் பெய்தது. சுற்றிலும் உயரமான பொருள் என் பாய்மரம் ஒன்றுதான் என்பதால், அதையும் அதன் கம்பிகளையும் தொடாமல் படகின் அடித்தட்டில் குந்தியிருந்தேன். உயிர்காப்பு அங்கியோடு இடுப்பைப் படகுடன் கயிற்றால் பிணைத்திருந்தேன். தனியாகப் போகிறவன் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வர ஆளில்லை.

சூறை போனதும் காற்றும் செத்துவிட்டது. இங்கேதான் 1924-இல் திறந்த ஜொகூர் பாலம் கைகொடுத்தது. அந்தத் தரைப்பாலம் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவிலுள்ள நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டதால், நான் இருந்த கிழக்குப் பாதி ஒருபக்கம் மூடிய குழாய்போல் இருக்கிறது: நீர் ஏறும்போது ஓட்டம் மேற்கே, வற்றும்போது கிழக்கே. வற்றுநீரை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கைதான் ஓயும். ஆகவே நங்கூரத்தைத் தூக்காமல் நனைந்த ரொட்டியைத் தின்றுகொண்டு பதினொன்றரை வரை காத்திருந்தேன். நீர் திரும்பியதும் பாதி ஓட்டம், பாதி துடுப்பு என்று சாங்கி வந்து சேர்ந்தேன். வற்றுநீரில் போய், ஏறுநீரில் திரும்புவது என்று அட்டவணை பார்த்துக் கிளம்பியது மட்டும்தான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இப்போது காலை ஐந்து மணிக்கு 240 கிலோமீட்டர் ரேடார் படத்தைப் பார்க்கிறேன். மலாக்கா நீரிணை மீது வில்போல் ஒரு பட்டை தெரிந்தால் மறுபடி படுத்துக்கொள்வேன். ஒரு சிறு இயந்திரம் வாங்கி மாட்டுங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மாட்டினால் இயந்திரப் படகு ஓட்டும் உரிமம் எடுக்க வேண்டும், தேர்வு உண்டு. நான் இன்னும் நீளமான துடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன்.