வீடு மாற முன் முற்றத்தில் விற்பனை: கொடுப்பதை முதலில் கொடுங்கள்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமான பிறகு கொழும்புக்கு அருகே வத்தளையில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருக்கிறார். ஆவணியில் பயணம். மகளின் வீடு மாடியில் இரண்டு அறை. இங்கேயோ முப்பது வருடச் சாமான்கள். "கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். கேட்டதும் மனம் விட்டுப்போனது. முற்றத்தில் பரப்பி வைத்து விற்கலாம் என்கிறாள் மகள். கடன்பட்டு ஊரை விட்டுப் போகிறோம் என்று சனம் கதைக்காதா? சொந்தக்காரர் வந்தால் எப்படிக் காசு கேட்பது? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை."

டீச்சர், நான் மட்டக்களப்பில் பாவித்த தளபாடம் வாங்கி, திருத்தி, விற்கிறவன். உங்களுக்கு மொத்த விலை சொன்னவரும் என் தொழிலில் உள்ள ஒருவர்தான். அவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். லொறிக் கூலி, பொலிஷ் செலவு, விலைபோகாமல் கடையில் கிடக்கப் போகிற மாதங்கள், எல்லாவற்றையும் கழித்துத்தான் நாங்கள் விலை சொல்வோம். ஒரு மேசையைத் தன் வீட்டில் போட வாங்குகிறவருக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை. அதனால் அவர் கூடுதலாகத் தருவார். உங்கள் மகள் சொல்வது சரி.

கூச்சத்துக்கு வருவோம். இதில் நான் பார்த்த சங்கடங்கள் எல்லாம், கொடுக்க வேண்டியதையும் விற்க வேண்டியதையும் ஒரே முற்றத்தில் கலந்து வைப்பதால் வந்தவைதான். கிறைண்டரில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். மச்சாள் வந்து, "இதை எனக்குத் தாறன் எண்டு சொன்னீங்களே" என்பார். கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவரும் கேட்பார், கொடுக்காவிட்டால் மனத்தாங்கல். ஆகவே விற்பனைக்குக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன்பே கொடுப்பவற்றைக் கொடுத்து முடியுங்கள். வந்து எடுக்கட்டும் என்று விடாமல் ஓட்டோவில் ஏற்றி அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள். நம் பக்கத்தில் வீடும் வீட்டுச் சாமானும் பெண்பிள்ளைக்கு என்றுதானே வழக்கம். சீதனமாகக் கொடுத்து, இடமில்லாமல் உங்கள் வீட்டிலேயே நிற்கும் கட்டில், அலுமாரி ஏதாவது இருந்தால் அது அவருடையது. வேண்டாம் என்று அவர் வாயால் சொன்ன பிறகு விற்கலாம். பிறகு சகோதரங்களின் பிள்ளைகள், குசினி வேலைக்கு வந்து உங்களோடு நின்று உழைத்த அம்மா, முன்வீட்டார். இவர்களுக்குக் கொடுத்தபின், விற்பனை நாளில் யார் வந்தாலும் அவர் வாங்க வந்தவர். காசு வாங்கும் மேசையில் நீங்கள் இருக்கவும் வேண்டாம். வளர்ந்த பழைய மாணவர் ஒருவரை இருத்துங்கள். உங்களிடம் விலை குறைக்கக் கேட்கிற சொந்தக்காரர் அவரிடம் கேட்க மாட்டார்.

விற்கிற ஒவ்வொன்றையும் வெறுமையாக்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு அலுமாரியை வாங்கி வந்து இரண்டாம் நாள் மணல் கடதாசி போட இழுப்பறையைக் கழற்றினேன். அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே பொலித்தீன் பையில் மடித்தபடி ஒரு காணி உறுதி. அந்த வீட்டார் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆளைத் தேடிப் பிடித்து ஒப்படைக்க எனக்கு இரண்டு கிழமை ஆனது. அதுவரை அந்தக் கடதாசி என் கடையில் இருக்கிறதே என்று நித்திரை வரவில்லை. இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள், விரித்த பேப்பரைக் கிழியுங்கள், பின்பலகைக்கும் சுவர்ப்பக்கத்துக்கும் இடையில் கை விட்டுப் பாருங்கள். சேலை மடிப்பு, கைப்பை, மெத்தை ஓரம், பிள்ளைகளின் பழைய கொப்பிகளுக்கு நடுவிலும் பாருங்கள். பழைய கைத்தொலைபேசி என்றால் படங்களை எடுத்துக்கொண்டு, சிம்மையும் கழற்றி, உள்ளே இருப்பதை முழுதாக அழித்த பிறகே விற்க வேண்டும்.

நாள் குறிப்பதில் நம் ஊர்க் கணக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக் கூடாது என்று உங்களுக்கே தோன்றும். அன்று மதியம் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து ஆட்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். பாவித்த நல்ல மரச்சாமான் தேடி வருகிறவர்களில் அவர்கள் நிறையப் பேர். சனிக்கிழமை இரும்பு வாங்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலைதான் என் தெரிவு. ஏழு மணிக்குத் தொடங்கினால் பூசை முடிந்து வருகிறவர்களும் வருவார்கள். ஆடியில் குடிபோவதுதான் தள்ளிப்போடுவது, விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் அந்த நாட்களில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும். பதினொரு மணிக்குமேல் கல்லடி மணல் முற்றத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். சம்பளம் கைக்கு வந்த கையோடு வருகிற ஞாயிறாகப் பார்த்து, பதினொரு மணியோடு முடியுங்கள். மாரி தொடங்கியபின் இந்த வேலையே வேண்டாம்.

இனி விலை. மரச்சாமானில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் தங்களிடம் இருப்பது என்ன மரம் என்று அவர்களுக்கே தெரியாது. இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள். பொலிஷ் படாத அடிப்பக்கம்தான் உண்மை சொல்லும். வெளிர் மஞ்சளாக, தூக்கும்போது கை இறங்குகிற பாரமாக, பட்டுத்துணி போல ஒரு மினுக்கம் தெரிந்தால் முதிரையாக இருக்கலாம். எண்ணெய்ப் பசையோடு தவிட்டு நிறம் என்றால் தேக்கு. பலா முதலில் மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகக் கறுக்கும். ஓரம் உதிர்ந்து, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை தெரிந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் மலிவுச் சாமான்தான். வந்த விலைக்கு விடுங்கள். நல்ல மரம் என்று கண்டால் பெயின்ற் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். அதை முற்றத்துக்கு இறக்க முன் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, அதில் கூடிய விலைக்கும் சற்று மேலே சீட்டில் எழுதுங்கள்.

இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி இரண்டுக்கும் கல்லடியில் கடற்காற்றுத்தான் எதிரி. மேலே பளிச்சென்று இருக்கும், கால்களைத் தட்டினால் துரு கொட்டும். அதை மறைக்காமல் நீங்களே காட்டுங்கள், விலையையும் அதற்கு ஏற்பக் குறையுங்கள். மின்சாமான் எல்லாவற்றையும் விறாந்தையில் வயர் இழுத்து ஓடவைத்துக் காட்ட வேண்டும். ஓடுகிற மின்விசிறிக்கும் ஓடாத மின்விசிறிக்கும் விலையில் உள்ள தூரம் உங்களுக்கே வியப்பாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவரிடம், நிமிர்த்திச் சில மணித்தியாலம் விட்ட பிறகே மின் கொடுக்கும்படி சொல்லி அனுப்புங்கள். நீல நிற லிற்றோ சமையல் எரிவாயுச் சிலிண்டரை விற்கவே வேண்டாம். வெற்றுச் சிலிண்டரை வத்தளையிலும் கொடுத்து மாற்றலாம்.

கணவரின் மோட்டார் சைக்கிள் இருந்தால் அதை முற்றத்துக்குக் கொண்டுவராதீர்கள். முதலில் சட்டப்படி வாரிசின் பெயருக்கு மாற்றி, பிறகு வாங்குகிறவர் பெயருக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட கடதாசியோடு கொடுத்துவிட்டால், நாளை அது விபத்தில் சிக்கினாலும் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

அறிவித்தலைச் சுருக்கமாக எழுதுங்கள்: "மகளுடன் வசிக்க வத்தளை செல்கிறோம். பாவித்த தளபாடங்கள், குசினிச் சாமான்கள் விற்பனைக்கு. ஞாயிறு காலை 7 முதல் 11 வரை." காரணத்தை முதல் வரியிலேயே சொன்னபின் கடன் கதைக்கு இடமில்லை. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாலே கல்லடி முழுக்கப் போய்விடும். படம் எடுக்கும்போது வீட்டின் உள்ளறைகள் தெரிய வேண்டாம். ஒலிபெருக்கி கட்டாதீர்கள், அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். சாமானைத் தெரு ஓரத்துக்கும் கொண்டுபோக வேண்டாம், உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்று உள்வீட்டைப் பூட்டுங்கள். மணலில் கால் புதையாமல் கனமானவற்றைக் கல் மேல் வையுங்கள், பாத்திரங்களைப் பாயில் பரப்புங்கள். ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் முதல்நாளே மாற்றி வைத்திருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து நீரடையாளம் பார்க்காமல் வாங்கக் கூடாது. விடிய முன்னரே வந்து கேற்றைத் தட்டுகிறவர்கள் என்னைப் போன்ற வியாபாரிகள். ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். முற்பணம் தந்துவிட்டுப் பின்னேரம் எடுக்கிறேன் என்பவருக்குச் சீட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுங்கள். நேரம் தாண்டினால் அடுத்தவருக்கு.

மிஞ்சியவற்றை மறுபடி உள்ளே ஏற்றாதீர்கள். திங்கள் காலை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லி வையுங்கள். புத்தகங்களை நீங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், 2004 சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து கிண்டி எடுத்த மாமியாரின் பித்தளைக் குடம் என்ன விலை போகும் என்று கேட்டிருந்தீர்கள். பித்தளையை நிறுத்துத்தான் எடுப்பார்கள், டீச்சர். அதன் வாய் நெளிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதையும் சொல்லி இன்னும் குறைப்பார்கள். அதைப் பாயில் வைக்க வேண்டாம். உள்ளே இரண்டு சேலையை மடித்துத் திணித்து, வெளியே துவாயால் சுற்றி, லொறியில் ஏற்றாமல் உங்கள் கையோடு கொண்டுபோங்கள். மாடியில் இரண்டு அறை என்றாலும் ஒரு குடத்துக்கு இடம் இருக்கும்.